கோச்சை மாற்றினால் பிள்ளையின் கால் பலப்படுமா?

மாகாண மட்டத்தில் ஒரு மெச் தோற்றால் போதும். அன்று இரவே பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் தீர்ப்பு வந்துவிடும்: "பொடியன்மாருக்கு உரம் காணாது. கோச்சை மாத்துங்க."

முதல் வசனத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். முதல் பாதியில் அழகாக விளையாடும் நம் பிள்ளைகள் அறுபதாவது நிமிடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள். தோளோடு தோள் மோதினால் பந்து எதிரணிக்குப் போகிறது. ஆனால் இரண்டாவது வசனம் எங்கிருந்து வந்தது? உரம் என்ன, கோச் பையில் போட்டுக் கொண்டுவரும் சாமானா? அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உடம்பில் ஊறுவது. வருடத்துக்கு ஒரு கோச் என்றால் வருடாவருடம் முதலாம் பாடம்தான். தவணைக்கு ஒரு கணித ஆசிரியரை மாற்றிவிட்டு சாதாரண தரத்தில் 'ஏ' கேட்பீர்களா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எங்கட காலத்துல மாஸ்டர் பிரம்போட நிப்பார், அதான் நாங்க உரமா இருந்தோம்" என்பார்கள். உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றுநிருபமே இருக்கிறது, அதை விடுங்கள். அடிக்குப் பயந்து ஓடுகிறவன் மாஸ்டர் பார்க்கும்வரைதான் ஓடுவான். எண்பதாவது நிமிடத்தில் அவனை ஓடவைப்பது பிரம்பு அல்ல, உடம்பு.

அந்த உடம்புக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? அஸருக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு ஒரு பணிஸும் பிளேன்டீயும். பிறகு டியூஷன், பிறகு நடுநிசிவரை போன். அந்த வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலத் தூக்கம் வேண்டும். தூக்கமும் சாப்பாடும் இல்லாத உடம்பில் பயிற்சி ஒட்டாது, காயம்தான் மிஞ்சும்.

உங்களில் பாதிப்பேர் மன்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்கள். அலெக்ஸ் பெர்குசன் அங்கே வந்தது 1986 நவம்பரில். 1989இல் லீக்கில் 11ஆம் இடம், 1990இல் 13ஆம் இடம். 1989 டிசம்பரில் சொந்த மைதானத்திலேயே அவரைப் போகச் சொல்லிப் பதாகை பிடித்தார்கள். நிர்வாகம் அசையவில்லை. 1990இல் எப்.ஏ. கிண்ணம், 1993இல் லீக். 1992இல் இளைஞர் கிண்ணம் வென்ற பெக்கமும் கேரி நெவிலும் 1999இல் மூன்று கிண்ணங்களையும் தூக்கினார்கள். அந்த ஜேர்சியைப் போட்டுக்கொண்டுதான் நீங்கள் நம் கோச்சுக்கு ஆறு மாதத் தவணை கொடுக்கிறீர்கள்.

"அவர்களிடம் காசு இருந்தது" என்பீர்கள். உங்களிடமும் இருக்கிறது. அது பெனருக்கும் புது ஜேர்சிக்கும் இராச்சாப்பாட்டுக்கும் போகிறது. நாங்கள் கேட்பது முட்டை, கடலை, வாழைப்பழம்.

மைதானத்தில் நிற்கும் ஆசிரியர்களாக நாங்கள் கேட்பது நான்கே விடயங்கள். கோச்சுக்கு எழுத்தில் மூன்று வருடம். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒழுங்கான சாப்பாடு. 14 வயதுக்குட்பட்ட அணிக்கும் 20 வயதுக்குட்பட்ட அணிக்குக் கொடுக்கும் அதே கவனம். இன்று அங்கே ஓடுகிறவன்தான் ஐந்தாறு வருடத்தில் உங்கள் கப்டன். தோற்ற இரவில் வட்ஸ்அப்பில் பிள்ளைகளின் பெயர் சொல்லி ஏசுவதை நிறுத்துவது.

இதைத் தர முடியாதவர்கள் கிண்ணம் எங்கே என்றும் கேட்காதீர்கள்.