குரலுக்கு நிறம் இல்லை, பயிற்சிக்கு உண்டு

2013 ஜனவரி 17 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் 27 வயதுக் கருப்பினப் பெண் ஒருவர் முதன்முறையாக மேடையேறினார். ரொசீனியின் ‘கவுண்ட் ஓரி’ என்ற நகைச்சுவை ஓபரா. பாட வேண்டியவர் விலகிக்கொண்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டவர் அவர். பாத்திரத்தைப் படித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு வாரம்தான் கிடைத்தது. மேடைக்குள் நுழையும்போதே கால் தடுக்கி விழுந்தார். எழுந்தார், பாடினார், அரங்கத்தைத் தன் பக்கம் திருப்பினார். அவர் பெயர் பிரிட்டி யெண்டே. தென்னாப்பிரிக்காவின் பியட் ரெட்டீஃப் என்ற சிறு நகரை ஒட்டிய கருப்பினக் குடியிருப்பில் வளர்ந்தவர்.

அன்றிலிருந்து இன்றுவரை ஊடகங்கள் அவரைப் பற்றி ஒரே கதையைத்தான் சொல்லிவருகின்றன. 16 வயதில் தொலைக்காட்சியில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விளம்பரத்தைப் பார்த்தாராம். அதில் ஒலித்த பாட்டில் மயங்கி, மறுநாள் ஆசிரியரிடம் போய் இது என்ன என்று கேட்டாராம். ஓபரா என்றாராம் ஆசிரியர். அப்படித் தொடங்கியதாம் பயணம். (அந்தப் பாட்டு ‘லக்மே’ என்ற பிரெஞ்சு ஓபராவில் வருவது. வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவில் ஒரு பார்ப்பனப் பூசாரியின் மகளும் அவளுடைய பணிப்பெண்ணும் பூப்பறிக்கப் போகும்போது பாடுவது. நம்மூர்க் கடைகளில் விற்கும் முகப்பூச்சுக்கும் அந்தப் பூசாரி மகளின் பெயர்தான். பணிப்பெண்ணின் பெயரை யாரும் எதற்கும் வைக்கவில்லை.)

இந்தக் கதை பொய் இல்லை. யெண்டே தாமே பலமுறை சொன்னதுதான். ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் என்ன மிஞ்சும்? ‘திறமை இருந்தால் போதும், எந்தக் குப்பத்திலிருந்தும் எந்த மேடைக்கும் வந்துவிடலாம்’ என்ற பழைய பாட்டுதான் மிஞ்சும். தகுதி, திறமை என்ற இந்தப் பாட்டை நாம் கேட்காத நாளில்லை. அதனால்தான் ஏழு கடலுக்கு அப்பால் நடக்கும் ஒரு கலையைப் பற்றி இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஓபரா பாடகர் எப்படி உருவாகிறார் என்பதை முதலில் பார்ப்போம். ஒலிபெருக்கி கிடையாது. அறுபது எழுபது கருவிகள் ஒருசேர முழங்கும்போது, அவற்றைத் தாண்டி கடைசி வரிசைவரை வெறுங்குரல் போய்ச்சேர வேண்டும். இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் உச்சரிப்புப் பிசகாமல் பாட வேண்டும். நடிக்கவும் வேண்டும். இதற்கு உடம்பே முதிர வேண்டியிருக்கிறது. பியானோ வாசிப்பவர் பதினைந்து வயதில் மேதையாக அறியப்படலாம். பாடகருக்கு அது நடக்காது. கனமான பாத்திரங்களுக்கான குரல் முப்பதை ஒட்டித்தான் கனிகிறது. அப்படியானால் 18 வயதில் படிப்பைத் தொடங்குபவர் சம்பாதிக்கத் தொடங்கப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அந்தப் பத்தாண்டுக்கும் சோறு யார் போடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவரைத்தான் உலகம் திறமைசாலி என்கிறது.

தென்னாப்பிரிக்காவில் ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் சட்டம் பார்த்துக்கொண்டது. 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம், கருப்பினக் குழந்தைகளுக்கு வேலையாட்களாவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கல்வி போதும் என்று வகுத்தது. அதே 1953இல்தான் இங்கே ராஜாஜி, பிள்ளைகள் அரைநாள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். நாம் போராடி அதை ஓராண்டில் ஒழித்தோம். அவர்கள் தங்கள் சட்டத்தோடு கால் நூற்றாண்டுக்கும் மேல் வாழ வேண்டியிருந்தது. 1959இல் இன்னொரு சட்டம் வந்து, வெள்ளையர் அல்லாதோர் அமைச்சரின் அனுமதி இல்லாமல் கேப்டவுன் போன்ற பல்கலைக்கழகங்களில் சேர முடியாதபடி செய்தது. நாட்டின் முதன்மையான இசைக் கல்லூரி அந்தப் பல்கலைக்கழகத்துக்குள்தான் இருந்தது.

ஆனாலும் பாடினார்கள். கேப்டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியில் 1933இல் ‘இயோன் குழு’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அரசு ‘கலர்ட்’ என்று முத்திரை குத்திய கலப்பின மக்களுக்கான அமைப்பு அது. நகராட்சியில் எழுத்தராக இருந்த ஜோசப் மன்கா என்பவர் அதன் பாடகர் குழுவை நடத்தினார். பாடியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் வந்து ஒத்திகை பார்ப்பார்கள். பலருக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. இத்தாலிய மொழியும் தெரியாது. காதால் கேட்டுக் கேட்டே முழு ஓபராவையும் மனப்பாடம் செய்தார்கள். 1956 மார்ச்சில் கேப்டவுன் நகர மன்றத்தில் வெர்டியின் ‘லா டிராவியாட்டா’வை இத்தாலிய மொழியிலேயே அரங்கேற்றினார்கள். நாயகி வயலெட்டாவாகப் பாடியவர் மே ஆபிரகாம்சே.

அதே 1956இல் மிமி கூர்ட்சே என்ற தென்னாப்பிரிக்க வெள்ளையினப் பெண் வியன்னா அரசு ஓபராவில் அறிமுகமாகி, அங்கேயே இருபதாண்டுகளுக்கு மேல் பாடினார். அவர் பெரும் பாடகர், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரே நாட்டின் இரண்டு குரல்களில் ஒன்று வியன்னாவுக்குப் போயிற்று, இன்னொன்று உள்ளூர் மன்றத்தோடு நின்றது. காரணம் தொண்டைக்குள் இல்லை. இயோன் குழுவிலிருந்து ஒருவர் மட்டும் வெளியேறி உச்சிவரை போனார். ஜோசப் கேப்ரியல்ஸ். இத்தாலிக்குப் போய்ப் பயின்று, 1971இல் மெட்ரோபாலிட்டன் அரங்கில் ‘பாலியாச்சி’யின் நாயகனாகப் பாடினார். அதே 1971இல் அவருடைய சொந்த ஊரில் நிக்கோ மாலன் என்ற பெரிய ஓபரா அரங்கம் திறக்கப்பட்டது. வெள்ளையருக்கு மட்டும்! நியூயார்க்கில் நாயகனாகப் பாடியவர் சொந்த ஊர் அரங்கில் பார்வையாளராகக்கூட உட்கார முடியாது. 1975இல்தான் அந்தக் கதவு மற்றவர்களுக்குத் திறந்தது.

இயோன் குழுவின் வரலாற்றில் கசப்பான ஒரு பக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் புகழ்பாடுவது நம் வேலையில்லை. அந்தக் குழு நிறவெறி அரசின் கலர்ட் விவகாரத் துறையிடம் உதவித்தொகை வாங்கியது. இனவாரியாகப் பிரிக்கப்பட்ட பார்வையாளர்கள் முன் பாடியது. வெள்ளையர் அல்லாத எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டிய நேரத்தில், எசமானனின் கலையை எசமானன் காசில் பாடுகிறார்கள் என்று சொந்த மக்களே அவர்களைப் புறக்கணித்தார்கள். 1966இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, அங்கிருந்து அறுபதாயிரம் பேர் விரட்டப்பட்டார்கள். இயோன் குழுவும் இடம்பெயர்ந்தது. எழுபதுகளின் நடுவில் அதன் ஓபரா முயற்சி ஓய்ந்துபோனது.

புறக்கணித்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். பிரித்து உட்கார வைக்கப்பட்ட கூட்டத்தின் முன் பாடுவது, பிரித்ததை ஒப்புக்கொள்வதுதான். ஆனால் பாடியவர்களைத் துரோகிகள் என்று எழுத நமக்குக் கை வரவில்லை. பயிற்சிக்கு வேறு ஒரு வழியும் இல்லாமல் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டு, அரசு தன் கையில் ஒரே ஒரு சாவியை வைத்துக்கொண்டது. அந்தச் சாவியை வாங்கிய இருபது வயதுத் தையல்காரப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன், கதவை அடைத்தவனைப் பற்றிப் பேச வேண்டும். கலை வளர்க்கும் புரவலர் யார், அவர் என்ன நிபந்தனை விதிக்கிறார் என்ற கேள்வி ஒடுக்கப்பட்டோர் வீட்டு இளம் கலைஞர்களைத்தான் எப்போதும் முதலில் அறைகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அப்பா காசு இருக்கிறது. கொள்கை பேசவும் அவனுக்கு வசதியுண்டு.

இனி யெண்டேயிடம் வருவோம். சொல்லாமல் விடப்பட்ட மீதிக் கதை இதுதான். தென்னாப்பிரிக்கக் கருப்பினக் குடியிருப்புகளில் தேவாலயப் பாடகர் குழுக்களும் பள்ளிப் பாடகர் குழுக்களும் நூறாண்டுகளுக்கு மேலாக இயங்கிவருகின்றன. பியானோ வாங்க முடியாத இடங்களில் டோ, ரே, மி என்ற எழுத்துகளைக் கொண்டே நான்கு குரல் இசையைக் கற்றார்கள். பாடகர் குழுப் போட்டிகளில் ஓபராப் பாடல்கள் வழக்கமாக இடம்பெறும். ஆக, அந்த விளம்பரம் விழுந்தது வெறும் தரையில் இல்லை, உழுது வைத்திருந்த நிலத்தில். நிறவெறி ஆட்சி வீழ்ந்த 1990களில் கேப்டவுனின் ஓபரா நிறுவனமும் பல்கலைக்கழக ஓபரா பள்ளியும் இந்தப் பாடகர் குழுக்களைத் தேடிப்போய்க் குரல்களை எடுத்தன. யெண்டே அங்கே உதவித்தொகையில் படித்தார். அவருக்குக் கற்பித்தவர் வர்ஜீனியா டேவிட்ஸ், நிறவெறிக் காலத்திலேயே ஓபரா மேடை ஏறிய முதல் வெள்ளையர் அல்லாத பெண்களில் ஒருவர். பிறகு மிலானின் லா ஸ்கலா அரங்கப் பயிற்சிக் கழகம். 2011இல் ஓபராலியா போட்டியில் முதல் பரிசு. 2017இல் அதே பரிசை வென்றவர்களில் லெவி செக்கபானேயும் ஒருவர். அவரும் தென்னாப்பிரிக்கர், அவரும் கேப்டவுனில் படித்தவர். ஒருவர் வந்தால் அதிசயம் எனலாம். வரிசையாக வருகிறார்கள் என்றால், அது கதவு திறந்ததன் விளைவு.

ஆனால் கதவு எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது? 2015இல் ‘கட்டணம் வீழட்டும்’ என்று தென்னாப்பிரிக்க மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2017 இறுதியில், ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்கல்விச் செலவை ஏற்பதாக அரசு அறிவித்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அந்த உதவி பொதுவாக முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஓபரா பாடகருக்கு உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதுநிலைப் படிப்பு, மொழி வகுப்பு, பியானோ துணைவருக்கு மணிக்கணக்கில் ஊதியம், ஒலிப்பதிவு, குரல்தேர்வுக்கு ஐரோப்பாவுக்கு விமானச் சீட்டு. அமெரிக்காவில் பல இளம் பாடகர் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கவே கட்டணம் கட்ட வேண்டும். பாடிக்காட்ட அழைக்கப்படுவோமா என்பது தெரியாமலேயே கட்ட வேண்டும். கோடைக்காலப் பயிற்சி என்ற பெயரில், மேடையில் பாத்திரம் ஏற்கப் பாடகரே பணம் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. உழைப்பவரே கூலி கொடுக்கும் விந்தை! இதற்கு ‘அனுபவம்’ என்று பெயர்.

இத்தோடு வயது வரம்பு வேறு. ஓபராலியாவுக்கு 18 முதல் 32 வரை. மற்றப் போட்டிகளும் பயிற்சித் திட்டங்களும் இதையொட்டியே இருக்கின்றன. ஆறு வயதில் பியானோவும் பத்து வயதில் இத்தாலியமும் கற்ற பிள்ளைக்கும், பதினெட்டு வயதில் முதன்முதலாக ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் பார்த்த பிள்ளைக்கும் முடிவுக்கோடு ஒன்றே. இதுதான் சமவாய்ப்பாம்! அமெரிக்காவின் மரியன் ஆண்டர்சனை இளமையில் ஒரு இசைப்பள்ளி நிறத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அவருடைய தேவாலயத்து ஏழை மக்கள்தான் காசு சேர்த்து ஆசிரியர் வைத்தார்கள். மெட்ரோபாலிட்டன் ஓபரா அவரை 1955இல் மேடையேற்றியபோது அவருக்கு வயது 57. ‘முதல் கருப்பினப் பாடகர்’ என்று அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். திருடப்பட்ட முப்பது ஆண்டுகளுக்கு யாரும் கணக்குக் கொடுக்கவில்லை.

நம்மூரில் வேலைவாய்ப்பில் ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு வயது வரம்பில் தளர்வு ஏன் தரப்படுகிறது என்பது இங்குள்ள வாசகர்களுக்குத் தெரியும். தாமதமாகத் தொடங்க வைக்கப்பட்டவரிடம் தாமதத்துக்குத் தண்டம் வசூலிக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. ஓபராப் போட்டிகளிலும் பிறந்த தேதியை விட்டுவிட்டு, முறையான பயிற்சி தொடங்கிய ஆண்டிலிருந்து கணக்கிடலாமே? முப்பதுக்கு மேல்தான் குரல் கனிகிறது என்று அவர்களே சொல்லும்போது, இதைச் செய்வதால் கலைக்கு என்ன கேடு?

உள்ளே நுழைந்த பிறகும் ஒரு மூலை காத்திருக்கிறது. கெர்ஷ்வினின் ‘போர்கி அண்டு பெஸ்’ கருப்பினப் பாடகர்களைக் கொண்டே நடத்தப்பட வேண்டும் என்பது உரிமைதாரர்களின் நிபந்தனை. பலருக்கு வேலை தரும் நல்ல நிபந்தனைதான். ஆனால் மற்ற ஓபராக்களுக்கு அழைக்காமல் இதற்கு மட்டுமே அழைக்கும் சாக்காகவும் அது ஆகிவிடுகிறது. ஹங்கேரி அரசு ஓபரா ஒரு படி மேலே போனது. வெள்ளையரைக் கொண்டே அதை நடத்திவிட்டு, 2019இல் தன் பாடகர்களிடம், ஆப்பிரிக்க-அமெரிக்க உணர்வு எங்கள் அடையாளத்தின் ஒரு பகுதி என்று எழுதிக் கையெழுத்து கேட்டது. பலர் போட்டும் கொடுத்தார்கள். போலிச் சாதிச் சான்றிதழ் நம் நாட்டின் தனிக் கண்டுபிடிப்பு என்று இனியும் பெருமைப்பட முடியாது.

புகழின் உச்சிக்குப் போன பின்னும் யெண்டேக்கு என்ன நேர்ந்தது? 2021 ஜூனில் பாரிசில் ஓபரா பாட வந்த அவரை விமான நிலையத்தில் காவல்துறை பிடித்து வைத்தது. ஆடை களைந்து சோதித்தார்கள், கைப்பேசியைப் பிடுங்கி அறையில் அடைத்தார்கள் என்றார் அவர். ஆடை களையவில்லை என்று மறுத்தது காவல்துறை. பிறகு விட்டார்கள், அவர் போய்ப் பாடினார். இரண்டு ஆண்டுகள் கழித்து பிரிட்டன் மன்னர் சார்லசின் முடிசூட்டு விழாவில் பாட அவரைத்தான் அழைத்தார்கள். உலகம் அறிந்த குரலுக்கே எல்லையில் இந்த மரியாதை என்றால், முதல் குரல்தேர்வுக்காகக் கடன் வாங்கிச் சீட்டு எடுத்து, விசாவுக்காக வரிசையில் நிற்கும் 24 வயதுப் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

கேட்க வேண்டியவை பெரிய புரட்சிகள்கூட இல்லை. விண்ணப்பக் கட்டணத்தை ஒழியுங்கள். முதல் தேர்வை ஒலிப்பதிவிலேயே நடத்தி, அடுத்த சுற்றுக்கு அழைப்பவர்களுக்குப் பயணச்செலவைக் கொடுங்கள். பயிற்சியில் இருப்பவர் மேடையில் உழைத்தால் கூலி கொடுங்கள். அரசு உதவித்தொகையைக் குரல் கனியும் வயதுவரை நீட்டுங்கள். கேப்டவுனில் படித்து முடிக்கும் அத்தனை குரல்களுக்கும் அந்த நாட்டில் நிரந்தர வேலை தரும் அளவுக்கு ஓபரா நிறுவனங்கள் இல்லை. வெளிநாடு போக முடிந்தவர்கள் பாடகர்களாகிறார்கள். முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறார்கள், திங்கட்கிழமை வேறு வேலைக்குப் போகிறார்கள், 1956இல் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் தொழிலாளர்கள் போனதைப் போலவே.