சுண்ணாம்பு தடவாத கலயம்

'பேல் ஏல்' என்று ஒரு பீர் வகை. கேள்விப்படவில்லை என்றால் உங்கள் ஐ.டி. கம்பெனி மருமகனைக் கேளுங்கள். அரைமணி நேரம் பாடம் எடுப்பார்.

நானும் பெங்களூருவில் ஒரு மைக்ரோ ப்ரூவரியில் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தேன் நிறம், கொஞ்சம் கலங்கல். மூக்கருகே கொண்டுபோனால் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளின வாசம். முதல் வாய் இனிக்கிறது. விழுங்கிய பிறகு அடிநாக்கில் ஒரு கசப்பு, வேப்பம்பூ ரசம் குடித்த மாதிரி, போகவே மாட்டேன் என்கிறது. அந்தக் கசப்புக்குத்தான் காசு. ஹாப்ஸ் என்கிற கொடியின் பூ அது. வாற்கோதுமைச் சாற்றோடு கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், கடைசியில் போட்டால் வாசம் நிற்கும். அந்தக் கசப்பு பீரைப் புளிக்கவைக்கும் கிருமிகளையும் அடக்கும். அதனால்தான் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ஹாட்ஜ்ஸன் என்கிற ஆலைக்காரர் ஹாப்ஸை அள்ளிப் போட்டுச் செய்த பீர், ஆப்பிரிக்கா முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் ஆடி, கிழக்கிந்தியக் கம்பெனி துரைமாருக்குக் கெடாமல் வந்து சேர்ந்தது. பிற்பாடு அதற்கு 'இந்தியா பேல் ஏல்' என்றே பெயர். இந்தியாவுக்காகவே கண்டுபிடித்தார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் இங்கே வந்ததும் விற்றதும் நிஜம்.

அதைப் பரிமாறிய பையன் ஒரு வார்த்தை சொன்னான்: "சார், இது ஃப்ரெஷ். இயற்கையா நொதிச்சது. கெமிக்கல் கிடையாது."

இயற்கையா நொதிச்சதா? அப்படியானால் உங்களைக் கோடியக்கரைக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும்.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துப் பதினோரு கிலோமீட்டர். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் வெளிமான் மேயும் காடு, எதிரே கடல். நமக்கெல்லாம் 'பொன்னியின் செல்வன்' பூங்குழலி படகு விட்ட ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். டெல்டாவின் தென்னந்தோப்புகள் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டன. பெரும்பாலான பனைகள் நின்றன. பனைக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, உரம் வைக்கவில்லை, நிவாரணமும் கேட்கவில்லை.

அந்தப் பனையில் ஒருவர் ஏறுகிறார். பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சொட்டுவது பதநீர். அதை விற்கலாம், அரசாங்கமே பாராட்டும். சுண்ணாம்பு தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே வேலையை முடித்துவிடும், சொட்டுவது கள். விற்றால் வழக்கு. ஒரு விரல் சுண்ணாம்புதான் ஐயா, மாநில மரத்தில் ஏறுகிற தொழிலாளிக்கும் குற்றவாளிக்கும் நடுவே!

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. சீமைச் சரக்கு தடை செய்யப்படவில்லை. அதை விற்க 1983-லேயே டாஸ்மாக் பிறந்திருந்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கள்ளில் இருக்கும் ஆல்கஹால் சுமார் நாலைந்து சதவீதம், உங்கள் மருமகன் குடிக்கும் பேல் ஏல் அளவுக்கு. குவார்ட்டர் பிராந்தியில் 42.8 சதவீதம். முன்னது ஏழைகளின் உடம்பைக் கெடுக்கும் என்று தடை. பின்னதைக் குடிக்கக் கவுன்ட்டர்.

நான் பி.காம். படித்தவன், கணக்கு வழியாகத்தான் எனக்கு இது புரிகிறது. டாஸ்மாக் மூலம் 2023-24-ல் அரசுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். இந்தப் பணம் ஏன் சுலபமாக வருகிறது? ஆலைகளின் எண்ணிக்கை கைவிரலும் கால்விரலும் சேர்த்தால் அடங்கும். கேட்டில் ஓர் அதிகாரி, பாட்டிலில் ஒரு ஹாலோகிராம், வசூல் முடிந்தது. ஆனால் பனை? ஒவ்வொரு மரமும் ஒரு ஆலை. காலையில் இறக்கியது சாயங்காலம் புளிக்கும், மறுநாள் காடி. கிடங்கில் வைக்க முடியாது, லாரியில் ஏற்ற முடியாது, முதலாளி ஒருத்தரைக் கூப்பிட்டுப் பேச முடியாது. எண்ண முடியாத சரக்கை எந்த அரசாங்கத்துக்கும் பிடிக்காது. 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937' என்ற பெயரை வைத்துக்கொண்டே கடை நடத்துகிற ஊர் இது, ஞாபகம் இருக்கட்டும்.

"கள்ளைத் திறந்துவிட்டால் கலப்படம் வரும்" என்பார்கள். வரும். கேரளத்திலும் ஆந்திரத்திலும் வந்திருக்கிறது, மயக்க மருந்து கலந்து பிடிபட்டிருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் பால் கலப்படத்துக்கு மாட்டையா தடை செய்தோம்? கள்ளைத் தடுத்துவிட்டதால் விஷம் வராமல் போயிற்றா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் 60 பேருக்கு மேல் கொன்றது. குவார்ட்டருக்குக் காசில்லாதவன் தேடிப் போனது அதைத்தான்.

குடியே வேண்டாம், எல்லாக் கடையையும் மூடு என்று நிற்கிற பெண்களிடம் நான் வாதாடப் போவதில்லை. அவர்கள் பேச்சில் ஒரே நாக்குதான். என் சண்டை பிராந்தியை விற்றுக்கொண்டே கள்ளுக்கு ஒழுக்கம் பேசுகிறவர்களோடு. பேல் ஏலைக் கிளாஸில் சுழற்றி மோந்து பார்ப்பவருக்கு 'ரசனையாளர்' என்று பெயர், கலயத்தில் குடிப்பவனுக்குக் 'குடிகாரன்' என்று பெயர் வைத்தவர்களோடும்தான்.

இதே மண்ணில் இன்னொரு கதை உண்டு. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துவந்து அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார். உன் கரையில் உன் கடல் தருகிற உப்பை நீ எடுக்கக் கூடாது என்று சொல்ல சர்க்கார் யார் என்பதுதான் கேள்வி. அதே ராஜாஜிதான் 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர், கள்ளை அவர் ஒப்பவே மாட்டார். ஆனால் ஒன்று கவனியுங்கள்: மதுவால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார். பிராந்திக்கடை போடவில்லை.

கோடியக்கரையிலிருந்து கடலைத் தாண்டினால் ஐம்பது, அறுபது கிலோமீட்டரில் யாழ்ப்பாணம். அங்கே இதே பனை. சீவுகிறவர்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, பனங்கள்ளைப் பாட்டிலில் அடைத்து வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். இலங்கையில் கள் சீக்கிரம் புளிக்காமல் இருக்க 'ஹல்' என்ற மரத்தின் பட்டையைப் போடும் வழக்கமும் உண்டு. ஹாட்ஜ்ஸன் ஹாப்ஸில் செய்த அதே வேலை! அதைச் சோதித்து, தரம் பார்த்து, நாலு நாள் நிற்கிற கள்ளைச் செய்ய நம்மிடம் வேளாண் பல்கலைக்கழகம் இல்லையா? விஞ்ஞானி இல்லையா?

கடல் வேண்டாம் என்றால் வடக்கே போங்கள். நாகப்பட்டினம், நாகூர் தாண்டினால் வாஞ்சூர். அதற்கப்பால் காரைக்கால், புதுச்சேரி ஆட்சி. அங்கே கள்ளுக்கடைக்கு ஏலம் விடுகிறார்கள், கிஸ்தி கட்டுகிறார்கள், போர்டு மாட்டி விற்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆள் சாவடியைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு, வயிற்றில் சுமந்து வந்தால் சட்டம் சல்யூட் அடிக்கும். பாட்டிலில் சுமந்து வந்தால் பிடிக்கும். பிடிக்கிற காவலரின் சொந்த ஊரில் நிற்பதும் பனைதான்.