தாம்பரத்தில் ஒரு கொலை வேண்டும்

பெண்கள் உறைவிடப் பள்ளியில் அகதா கிறிஸ்டி 1959இல் ஒரு கொலை வைத்தார். ராபின் ஸ்டீவன்ஸ் 2014இல் வைத்தார். இரண்டிலும் முதல் பிணம் கிடப்பது விளையாட்டுக் கூடத்தில் (பி.டி. டீச்சர்கள் கவனிக்க). ஸ்டீவன்ஸ் கதையில் துப்பறிவதே பள்ளி மாணவிகள் இருவர்தான். நம் தமிழ்த் துப்பறியும் கதைகளிலோ சங்கர்லால், கணேஷ், வஸந்த் என்று ஆண்கள் ராஜ்யம். சுசீலாவும் வைஜயந்தியும் ஆண் துப்பறிவாளர்களின் கூட்டாளிகளாக வந்தார்கள், ஆனால் பள்ளி வயதைத் தாண்டியவர்கள். பள்ளி மாணவி துப்பறியும் கதைக்குத் தாம்பரத்தில் என்ன குறை? காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்ற சானடோரியம் ஸ்டேஷன், விமானப்படைத் தளத்தின் இரைச்சல், கடற்கரையிலிருந்து வரும் கடைசி மின்ரயில். அதிலிருந்து இறங்கியது யாரென்று ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியாது. மறந்துபோன துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஏறிய பதினோராம் வகுப்புக்காரிக்குத் தெரியும். அவளை யாராவது எழுதுங்களேன்.