பிளாஸ்டிக் சட்டை அணிந்த வீடுகள்

அமெரிக்க ஊர்களின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளை, இளநீலம், சாம்பல் என்று மெல்லிய நிறங்களில் வீடுகள் வரிசையாக நிற்கும். சுவர் முழுவதும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பலகை அடித்தது போல் இருக்கும். மரப்பலகை என்றுதான் நினைப்போம். ஆனால் அவற்றுள் பல மரமே அல்ல, பிளாஸ்டிக்! நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எந்தப் பொருளால் ஆனதோ, அதே பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாக பி.வி.சி. இந்தச் சுவர்ப் போர்வைக்கு அங்கே 'வினைல் சைடிங்' என்று பெயர்.

1950களின் இறுதியில் இது அங்கே விற்பனைக்கு வந்தது. 1990களின் நடுவிலிருந்து பல ஆண்டுகள், புதிதாகக் கட்டப்படும் அமெரிக்க வீடுகளின் வெளிப்பூச்சுப் பொருள்களில் இதுவே முதலிடம் வகித்தது. "பராமரிப்பே வேண்டாம்" என்பதுதான் இதை விற்பவர்களின் தாரக மந்திரம். அது எவ்வளவு தூரம் உண்மை? மாணவர்களே, ஒரு பொருளை 'நல்லது', 'கெட்டது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், தராசின் இரண்டு தட்டிலும் வைத்து எடை போடும் பழக்கத்துக்கு இது நல்ல பயிற்சி. நாமும் எடை போட்டுப் பார்ப்போம்.

சுவருக்குச் சட்டை எதற்கு?

நம் ஊரில் செங்கல் சுவர் எழுப்பி, சிமெண்டுப் பூச்சுப் பூசி, மேலே சுண்ணாம்போ வண்ணமோ அடித்துவிட்டால் வேலை முடிந்தது. அமெரிக்காவில் காடுகள் மிகுதி. மரம் எளிதில் கிடைக்கும். ஆகவே அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு எலும்புக்கூடு மரச்சட்டங்கள்தாம். சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகை அடித்து, அதன்மேல் நீர் புகாத தாளைப் போர்த்துவார்கள். மழை, பனி, வெயில் இவற்றை நேரே தாங்குவதற்குக் கடைசியாக ஒரு சட்டை வேண்டும். அதுதான் சைடிங்.

முன்பு அந்தச் சட்டை மரப்பலகையாக இருந்தது. மரப்பலகைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்தாக வேண்டும். இல்லையேல் மக்கிவிடும், கறையான் தின்னும். வீடு முழுவதையும் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதென்றால் கூலியும் பொருளும் சேர்ந்து பெரிய செலவு. நடுத்தரக் குடும்பத்துக்கு அது தலைவலி.

வினைல் இந்தத் தலைவலியைத் தீர்த்தது. நிறம் மேலே பூசப்படுவதில்லை, பொருளிலேயே கலந்திருக்கிறது. கீறல் விழுந்தாலும் உள்ளேயும் அதே நிறம். அது மக்காது, கறையான் தீண்டாது, கடற்கரை உப்புக்காற்றில் துருப்பிடிக்காது. எடை குறைவாதலால் இரண்டு பேர் சேர்ந்து விரைவில் பொருத்திவிடலாம். விலையும் செங்கல், மரம் இவற்றைவிடக் குறைவு. இவையெல்லாம் உண்மையான நன்மைகள். இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

ஆணி அடிப்பதில் ஒரு பௌதிகப் பாடம்

வினைல் பலகையைச் சுவரில் பொருத்தும் விதம் வேடிக்கையானது. ஆணியை இறுக்கமாக அடிக்கக் கூடாது! தலைக்கும் பலகைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆணிக்கான துளையும் வட்டமாக இராது, நீள்வட்டமாக இருக்கும். ஆணியை அதன் நடுவில் அடிக்க வேண்டும். உண்மையில் பலகை சுவரோடு ஒட்டியிருப்பதில்லை, ஆணிகளில் தொங்குகிறது. ஏன் தெரியுமா?

வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்று படித்திருக்கிறீர்கள். பி.வி.சி.யின் நீள்விரிவு எண், ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.00006. ஒரு பலகையின் நீளம் 12 அடி, அதாவது சுமார் 3.7 மீட்டர். அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்கால இரவில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 20 டிகிரிக்கு இறங்கும். கோடை வெயில் நேரே படும் சுவரோ 50 டிகிரியைத் தொடும். வேறுபாடு 70 டிகிரி. இப்போது பெருக்கிப் பாருங்கள்: 3.7 × 0.00006 × 70 = 0.0155 மீட்டர். அதாவது ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல்! அதே நீளமுள்ள எஃகுச் சட்டம் 3 மில்லிமீட்டர்தான் விரியும். ஆணியை இறுக்கிவிட்டால், விரிய இடமில்லாத பலகை அலை அலையாக நெளிந்துவிடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 6 மீட்டர் நீளமுள்ள பி.வி.சி. குழாயை விடியற்காலையில் மொட்டைமாடியில் வைத்து, எஃகு நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில் மீண்டும் அளந்து பாருங்கள். குழாயின் வெப்பநிலை 25 டிகிரி ஏறியிருந்தால் நீளம் 9 மில்லிமீட்டர் கூடியிருக்கும்.

ஆக, வினைலின் தரம் தொழிற்சாலையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. ஆணி அடிக்கும் தொழிலாளிக்கு இந்தக் கணக்கின் சாரம் தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலும் குழியாடியும்

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பி.வி.சி.யின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை அறுக்கும். நாளடைவில் நிறம் மங்கும்; பொருள் நொறுங்கும். இதைத் தடுக்க டைட்டேனியம் டை ஆக்சைடு என்ற வெண்பொடியைக் கலக்கிறார்கள். மெல்லிய நிறங்கள் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடர்ந்த நிறமானால் வெப்பத்தையும் மிகுதியாக உட்கவரும். பி.வி.சி.யோ 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பொருள். மறுபுறம், கடுங்குளிரில் அது விறைத்து, பந்து பட்டால்கூட விரிசல் விடும்.

இன்னொரு விந்தையும் உண்டு. சில வீடுகளில் வினைல் சுவர் உருகி நெளிந்திருந்தது. அருகில் தீயோ அடுப்போ இல்லை. குற்றவாளி, பக்கத்து வீட்டுச் சன்னல்! வெப்ப இழப்பைக் குறைக்க அங்கே இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களைப் பொருத்துகிறார்கள். இரு கண்ணாடிகளுக்கும் இடையே வாயு அடைக்கப்பட்டிருக்கும். வெளியே காற்றழுத்தம் கூடினாலோ, உள்ளிருக்கும் வாயு குளிர்ந்தாலோ கண்ணாடி சற்றே உள்வாங்கும். உள்வாங்கிய கண்ணாடி என்பது குழியாடிதானே? அதன்மேல் உள்ள மெல்லிய பூச்சு வெப்பக் கதிர்களை நன்றாகப் பிரதிபலிக்கும். அவ்வளவும் எதிர்வீட்டுச் சுவரில் ஓரிடத்தில் குவிந்தால் வினைல் என்ன ஆகும்? மின்சாரச் செலவைக் குறைக்க ஒருவர் செய்த ஏற்பாடு, அடுத்தவர் சுவரை இளக்குகிறது!

வினைல் வீட்டைக் குளிரிலிருந்து காக்கும் என்று சொல்வதும் பெரும்பாலும் சரியன்று. பலகையின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். 9 அங்குலச் செங்கல் சுவர் வெப்பத்துக்குக் காட்டும் தடையில் அது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. குளிரைத் தடுப்பது மரச்சட்டங்களுக்கு இடையே திணிக்கப்படும் கண்ணாடிப் பஞ்சு போன்றவைதாம். மழையையும் வினைல் முழுவதும் தடுப்பதில்லை. உள்ளே போன நீர் வடிவதற்கென்றே அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். பின்னால் உள்ள தாள் கிழிந்திருந்தால், வெளியே சட்டை புதிதாகப் பளபளக்கும். உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கும்.

தீப்பிடித்தால்? பி.வி.சி.யின் எடையில் 57 சதவிகிதம் குளோரின். ஆகவே மரத்தைப் போல எளிதில் பற்றி எரிவதில்லை. ஆனால் சூட்டில் உருகி விழுந்து, பின்னால் உள்ள பலகையைத் தீயின் வாயில் விட்டுவிடும். எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படும். அது மூச்சுக்குழலின் ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அரைகுறையாக எரிந்தால் டயாக்சின் என்ற கொடிய நச்சுப் பொருள்களும் உண்டாகலாம்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

இதுவரை பார்த்தவை வீட்டுக்காரரின் வரவு செலவு. இனி வேறொரு கணக்கு.

பி.வி.சி. என்பது வினைல் குளோரைடு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்த பொருள். கோத்து முடித்தபின் சுவரில் இருக்கும்போது அது தொல்லை தருவதில்லை. கோப்பதற்கு முன், தனி மூலக்கூறாக இருக்கும் வினைல் குளோரைடு வாயுவோ புற்றுநோய் உண்டாக்குவது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். சுவரைத் தொட்டால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்துவது அறிவியலன்று. சுவரில் ஆபத்தில்லை என்பதால் அதைச் செய்த இடத்திலும் ஆபத்தில்லை என்பதும் அறிவியலன்று.

1974ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஓர் உண்மை வெளிவந்தது. அங்கே பி.வி.சி. செய்யும் ஆலையில் வேலை பார்த்த தொழிலாளர்கள் சிலர், மிக அரிதான ஒருவகை ஈரல் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். அவ்வளவு அரிய நோய் ஒரே ஆலையில் பலருக்கு வந்தது தற்செயலாக இருக்க முடியாது. அதுவரை ஆலைக் காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை வினைல் குளோரைடு இருக்கலாம் என்பது சட்டம். அரசு அதை எட்டு மணி நேரச் சராசரியாக ஒரே பங்காகக் குறைத்தது. தொழிலே அழிந்துவிடும் என்று ஆலைத்தரப்பினர் எச்சரித்தனர். அழியவில்லை. கசிவுகளை அடைத்தார்கள், முறைகளை மாற்றினார்கள், தொழில் முன்னிலும் பெரிதாக வளர்ந்தது.

ஆனாலும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடவில்லை. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், ஒகையோ மாநிலத்தின் கிழக்குப் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் சரக்கு ரயில் தடம் புரண்டது. ஐந்து தொட்டி வண்டிகளில் வினைல் குளோரைடு இருந்தது. அவை வெடித்துவிடும் என்று அஞ்சி, மூன்று நாள் கழித்து அதைத் திறந்துவிட்டு எரித்தார்கள். கரும்புகை வானை மறைத்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அப்படி எரித்திருக்கத் தேவையே இல்லை என்று பின்னர் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது.

சட்டை பழையதாகிக் கழற்றிய பிறகு? அழுக்கும் ஆணியும் கலந்த பழைய வினைலை மீண்டும் உருக்கிப் பயன்படுத்துவது எளிதன்று. பெரும்பகுதி குப்பைக் கிடங்கில் புதைக்கப்படுகிறது. மக்காது என்பது சுவரில் நன்மை. புதைகுழியில் அதுவே தீமை.

அப்படியானால் எது நல்லது?

வினைலைத் தள்ளிவிட்டு மரத்துக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அந்நாட்டில் 1978 வரை வீட்டுப் பெயிண்டில் ஈயம் கலந்து விற்றார்கள். பழைய மரச்சுவரைச் சுரண்டும்போது எழும் ஈயத்தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஒரு காலத்தில் கல்நார் கலந்த சிமெண்டுத் தகடுகளைச் சுவரில் பதித்தார்கள். கல்நார் நுரையீரலைக் கெடுத்தது. இன்று விற்கும் நார்ச்சிமெண்டுப் பலகையில் கல்நார் இல்லை. ஆயினும் அதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசி அறுப்பவருக்குக் கேடு. அலுமினியம் செய்ய மின்சாரம் ஏராளமாக வேண்டும். குறையே இல்லாத சட்டை என்று ஒன்றில்லை.

என் கருத்து இதுதான். வினைல் சைடிங் கெட்டிக்காரத்தனமான கண்டுபிடிப்பு. கையில் பணம் குறைந்த குடும்பம் அதைத் தேர்ந்தெடுத்தால் அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் "பராமரிப்பே வேண்டாம்" என்ற வாசகத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பராமரிப்பு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. வீட்டுக்காரர் ஏணி வைத்துப் பெயிண்ட் அடிக்கும் பாடு நீங்கியது. அதற்கு ஈடாக ஆலையில் கசிவைக் கண்காணிக்க ஒருவர் வேண்டும். ரயில் வண்டியின் அச்சைச் சோதிக்க ஒருவர் வேண்டும். குப்பைக் கிடங்கைக் காக்க ஒருவர் வேண்டும். அவர்கள் வேலையில் தவறினால் விலை கொடுப்பவர் வீட்டுக்காரர் அல்லர், முகமறியாத வேறொருவர்.

இந்தச் செலவை யார் தலையிலும் மறைவாகச் சுமத்தாமல் விலைச்சீட்டிலேயே எழுதச் செய்ய முடியும். அதைத்தான் 1974ஆம் ஆண்டுச் சட்டம் காட்டியது. ஆலைக் காற்றைத் தூய்மை செய்யும் செலவு பொருளின் விலையோடு சேர்ந்தது. தொழிலாளியின் ஈரல் தப்பியது. பழைய சட்டையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பையும், பாதுகாப்பாகக் கொண்டுசெல்லும் பொறுப்பையும் அவ்வாறே செய்பவரிடம் விட வேண்டும். அதன் பிறகும் வினைல் மலிவாக இருந்தால் தாராளமாக வாங்கட்டும்.

இது அமெரிக்காவின் கதை என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. பி.வி.சி. நம் மேட்டூரிலும் கடலூரிலும் செய்யப்படுகிறது. குழாய், குளியலறைக் கதவு, மின்கம்பியின் உறை, சுவரில் ஒட்டும் அலங்காரப் பலகை என்று நம் வீடுகளிலும் நிறைந்திருக்கிறது. குழாய்களில் சேர்க்கப்படும் ஈயச் சேர்மங்களைக் கட்டுப்படுத்த இந்திய அரசு 2021ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. நாளை உங்களில் சிலர் பொறியாளர் ஆவீர்கள். எல்லாருமே ஒருநாள் வீட்டுக்குப் பொருள் வாங்குவீர்கள். அப்போது கடைக்காரரிடம் விலையும் உத்தரவாதமும் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இது எங்கே, எதிலிருந்து செய்யப்பட்டது, பழுதான பின் எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பலர் கேட்கத் தொடங்கினால், பதில் தெரிந்தவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.