ஐந்து கிராமும் ஐந்நூறு கிராமும்

சட்டத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்று நம்புகிற நண்பர்கள், அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். 5 கிராம் 'கிராக்' விற்றவருக்குக் குறைந்தது 5 ஆண்டு சிறை. கொக்கெய்ன் தூள் விற்றவருக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் விற்றிருக்க வேண்டும். சரக்கு ஒன்றுதான். தூளோடு சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் கிராக்.

கிராக் மலிவு, ஏழைகளின் தெருக்களில் விற்றது. தூள் வசதியானவர்களின் விருந்துகளில் புழங்கியது. 2006இல்கூட கூட்டாட்சி நீதிமன்றங்களில் கிராக் வழக்கில் தண்டனை பெற்றவர்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் கறுப்பினத்தவர்கள்.

இந்த நூறு மடங்கு எங்கிருந்து வந்தது? அந்த ஜூனில் லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரர் கொக்கெய்னால் இறந்தார். நவம்பரில் தேர்தல். யார் அதிகக் கண்டிப்பானவர் என்று காட்டுவதில் இரண்டு கட்சிகளுக்கும் போட்டி. அக்டோபரில் சட்டம் தயார். (கறுப்பின உறுப்பினர்கள் சிலரும் ஆதரித்தார்கள். நம் ஆள் அவைக்குப் போனால் போதும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.)

இரண்டையும் சமமாக்குங்கள் என்று 1995இல் தண்டனை ஆணையமே சொன்னது. நாடாளுமன்றம் நிராகரித்தது, கிளின்டன் கையெழுத்துப் போட்டார். 2010இல் நூறு பதினெட்டாகக் குறைந்தது. ஏன் பதினெட்டு? இரு கட்சிகளும் பேரம் பேசிப் படிந்த விலை அது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு அதுவும் பொருந்தவில்லை. குறைப்பு கேட்டு மனுப் போட அவர்கள் 2018 வரை காத்திருந்தார்கள்.