வராதவரைத் தேடுவதே சபை

“எங்கிருந்து பார்த்தால் என்ன, ஆண்டவர் ஒருவர்தானே?” ஜொகூர் பாருவிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஞாயிறு காலை கைபேசியில் சென்னைப் பிரசங்கியாரின் நேரலை ஓடும். அது முடிந்ததும் அன்றைய ஆராதனையும் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இந்த எண்ணம் தவறு. சபையையே கரைத்துவிடும் தவறு.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஆலயக் கதவுகள் அடைபட்டன. அன்று நேரலை நமக்குக் கிடைத்த கிருபை. சாப்பாட்டு மேசையில் ரொட்டித் துண்டையும் சிறு குவளையில் ரிபேனாவையும் வைத்து, அம்மா முக்காடிட்டுக் கைபேசி முன் கண்ணீரோடு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. ஆனால் முறிந்த காலுக்குப் போட்ட கட்டை, எலும்பு கூடிய பிறகும் அவிழ்க்காவிட்டால் கால் சூம்பிப்போகும்.

ஆலயத்தில் மீண்டும் கூடிவருவதில் ஜொகூர்க்காரர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. 2014 முதல் 2024 முடியும்வரை இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். அரசு ஊழியருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஞாயிறு வேலைநாள். அப்போது களைத்த முகத்தோடு மாலை ஆராதனைக்கு ஓடி வந்தோம். 2025 ஜனவரி 1 முதல் ஞாயிறு மீண்டும் விடுமுறையாகிவிட்டது. நாள் கிடைக்காதபோது தேடிப் போனவர்கள், நாள் கிடைத்த பிறகு படுக்கையில் சாய்ந்தபடி திரையைப் பார்ப்பது என்ன நியாயம்?

“விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர்கள் என்றுதானே சீர்திருத்தம் சொன்னது? கட்டடம் எதற்கு?” என்று கேட்கிறார்கள். ஆசாரியன் பிறருடைய பாரத்தைச் சுமந்து கடவுள்முன் நிற்பவன். பக்கத்தில் யாரும் இல்லாமல் யாருடைய பாரத்தைச் சுமப்பது? அதே சீர்திருத்தத்தின் வழிவந்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் கால்வைத்து, 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அச்சுதான் அன்றைய புது ஊடகம். வேதம் வீட்டுக்கே வந்துவிட்டது, இனிக் கூடிவர வேண்டாம் என்று அவர் இருந்துவிடவில்லை. 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டிப் பிரதிஷ்டை செய்தார். மறு ஆண்டே இறந்து அங்கேயே அடக்கமானார். புத்தகமும் வேண்டும், கூடிவரும் கூரையும் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

“எங்கள் ஆயர் அவ்வளவு நன்றாகப் பேசுவதில்லை” என்பது இன்னொரு சாக்கு. இருக்கட்டும். எஸ்.பி.எம். தேர்வில் சறுக்கிய உங்கள் மகனின் பெயரைச் சொல்லி ஜெபிக்க அவருக்குத்தான் தெரியும். சென்னைப் பிரசங்கியாருக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது.

எங்கள் சபையில் மூன்றாவது வரிசை ஓரத்தில் ஓர் அத்தை உட்காருவார். தனியாக இருப்பவர். ஒரு ஞாயிறு அந்த இடம் காலியாக இருந்தது. ஆராதனை முடிந்து பசியாறக்கூட நில்லாமல் இரண்டு பெண்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்திருக்கிறார். அன்று அவர் பிழைத்தது, அவர் இல்லாததை இருவர் கவனித்ததால். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நேரலை கணக்குச் சொல்லும். யார் வரவில்லை என்று அதற்குத் தெரியாது.

நோயில் படுத்தவர்களுக்கும், பாசிர் கூடாங் ஆலைகளில் இரவு வேலை பார்ப்பவர்களுக்கும், விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு ஓடுபவர்களுக்கும் நேரலை வேண்டும். அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கும் திரை மட்டும் போதாது. திருவிருந்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வாசலுக்கு நாம் போக வேண்டும். போவதற்கு முதலில் நாம் கூடியிருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு கைபேசியை அணைத்துவிட்டு ஆலயத்துக்கு வாருங்கள். உங்கள் வரிசையில் யார் வரவில்லை என்று பாருங்கள். மத்தியானத்துக்குள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.