சிக்கனம் வேறு, உலோபம் வேறு

கண்ணில் விழுந்த புரையை அகற்றி லென்ஸ் வைப்பது கைதேர்ந்த வைத்தியருக்குக் கால்மணி நேரமும் பிடிக்காத காரியம். ஆயினும், அந்தக் கால்மணிக்காகக் கிராமத்துக் கிழவி ஒருத்தி, கண்ணைப் பரிசோதிக்க ஒரு நாள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க ஒரு நாள், "அளவெடுக்கிற மெஷின் ரிப்பேர், திங்கட்கிழமை வா பாட்டி" என்று திருப்பி அனுப்பப்பட்டு மற்றொரு நாள் என, மகன் தோளைப் பற்றிக்கொண்டு பஸ் ஏறி அலைவதையும், அந்த ஒவ்வொரு நாளும் அவன் கூலியை இழப்பதையும் கண்டவர்கள், இலவச சிகிச்சை என்ற சொல்லைச் சற்றுத் தயக்கத்தோடுதான் உச்சரிப்பார்கள்.

செலவைக் குறைப்பது என்றதும் மருந்தைக் குறைப்பதும் ஆளைக் குறைப்பதுமே நிர்வாகிகளின் ஞாபகத்துக்கு வருகின்றன. அது உலோபம், சிக்கனம் ஆகாது. கண் ஆஸ்பத்திரிகளில் பணத்தைக் காட்டிலும் அதிகமாக விரயமாவது காலம். அதிலும், பல்லாண்டு பயின்று தேர்ந்த அறுவை வைத்தியரின் காலம்.

இந்த உண்மையைப் பிரத்தியட்சமாகக் காட்டியது மதுரை. மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களுக்கே கத்தி பிடிக்கப் பழக்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில், ஒரு வைத்தியருக்கு இரண்டு மேஜைகள் உண்டு. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்தவர் ஆயத்தமாகப் படுத்திருப்பார், முதல் கண் முடிந்ததும் மைக்ராஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும், வைத்தியரும் திரும்புவார். அளவெடுத்தல், சொட்டு மருந்திடுதல், கருவி எடுத்துக் கொடுத்தல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கவனித்துக்கொள்வதால், வைத்தியரின் கரம் தான் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்கிறது. ஆண்டுக்கு 2,000 அறுவைகள் ஒருவருக்குச் சாத்தியமாவது இவ்வாறுதான். வெளிநாட்டு லென்ஸ் வாங்க வழியின்றி ஏழைகள் அறுவைக்குப்பின் சோடாபுட்டிக் கண்ணாடியோடு காலம் தள்ளிய நிலையும், 1992-இல் அரவிந்தின் தயாரிப்புக் கூடமான ஆரோலேப் அந்த லென்ஸை இங்கேயே சொற்ப விலையில் தயாரிக்கத் தொடங்கியபின் மாறலாயிற்று.

வேகம் ஆபத்தன்றோ என்று கேட்பது நியாயமே. சுத்தம் தவறிய முகாம்களில் ஏழைகள் கண்ணையே பறிகொடுத்த சம்பவங்களை நாடு மறக்கவில்லை. ஆனால், அந்த விபரீதங்களுக்குக் காரணம் ஒழுங்கின்மையே. அரவிந்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கணக்கு, அறுவை முடிவில் மாக்சிஃபிளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் சிறிதளவு செலுத்துவதால் கிருமித்தொற்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதைக் காட்டிற்று. எண்ணிக்கை பெருகியதோடு நில்லாமல், ஒவ்வொரு கண்ணின் கதியையும் எழுதிவைத்ததால் கிடைத்த ஞானம் இது.

நம் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இதற்காகப் பளிங்கு மாளிகை எழுப்ப வேண்டியதில்லை. பரிசோதனைகள் யாவும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் முடியட்டும்; அறுவைக்குக் குறித்த தேதி மாறாதிருக்கட்டும்; படிவம் நிரப்பும் வேலை வைத்தியரை விட்டு நீங்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மகன் இழந்த கூலியும் ஆஸ்பத்திரிச் செலவே என்று ஒப்புக்கொண்டு அதையும் கணக்கில் ஏற்றுவோமானால், எங்கே மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.